கோயில், சர்ச், ஜமாத் மூணும் சேர்ந்து குடும்ப வன்முறைக்கு என்ன செய்யலாம்? (பாலக்கோடு வட்டாரம்)

மாரண்டஅள்ளி மணி கேட்கிறார்:

வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன ஊர். மாரியம்மன் கோயில் விழாக்குழு, சர்ச் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாத் மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து பேசி, வீட்டுக்குள்ளே பெண்கள் அடி வாங்குவதைப் பற்றி இனி வாய் திறக்க வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். முடிவெடுத்ததோடு சரி. எங்கே தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு பேச்சு.

இப்போதைய வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண் அழுதுகொண்டு வந்து நின்றால் பெரியவர்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இனி கை வைக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள். கோயில் என்றால் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம். பிறகு "அடிக்கிற கைதான் அணைக்கும், போம்மா" என்று அனுப்பி வைப்பார்கள்.

இப்போது போட்டிருக்கும் திட்டம்: ஆடியில் பந்தல் போட்டு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், பெரிய பேனர், ஒரு வக்கீல், ஒரு போலீஸ் அதிகாரி. இது சரியா? அன்றைக்கே யாராவது பெண் வந்து சொன்னால் எங்கள் பொறுப்பு என்ன? தலையிட்டால் எங்கள் மேல் கேஸ் வருமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விழிப்புணர்வு அவசியம்" என்று மட்டும் எழுத வேண்டாம், அது எங்களுக்கே தெரியும்.

---

சட்ட உதவித் தன்னார்வலர், தருமபுரி:

மணி அண்ணா, பந்தல் கூட்டத்தைத் தள்ளிப் போடுங்க. வாலைப் பிடித்துத் தொடங்குகிறீர்கள். மைக்கில் பேசி முடித்த ராத்திரியே ஒரு அம்மா வந்து கதவைத் தட்டுவார். யார் பேசுவது, எங்கே உட்கார வைப்பது, எந்த வண்டியில் அனுப்புவது என்று அப்போது தெரியாவிட்டால், கடைசியில் அதே பத்திரமும் கற்பூரமும்தான் வெளியே வரும். முதலில் ஆளும் வழியும் தயாராகட்டும், பேச்சு பிறகு.

ஆள்: ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு பெண்கள், மொத்தம் ஆறு பேர். பூசாரி வீட்டம்மா, பாஸ்டரம்மா, முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) மனைவி என்று பதவி பார்த்துப் போடாதீர்கள். ரகசியம் காக்கிற வாய் யாருக்கு என்று ஊர்ப் பெண்களுக்கே தெரியும், அவர்களைக் கேளுங்கள். ஆறு பேரின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கட்டும். சின்ன ஊரில் வருகிறவளின் புருஷனுக்குப் பங்காளி, மாமன் மச்சான் இல்லாத வீடே இருக்காது. கோயில் பக்கத்துப் பெண் சர்ச் அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், சர்ச் பெண் பள்ளிவாசல் தெரு அக்காவிடம் சொல்லலாம் என்றால் அந்தச் சிக்கல் பாதி தீரும். நீங்கள் மூன்று பேர் சேர்ந்ததில் எனக்குத் தெரிகிற பெரிய லாபமே இதுதான், மேடையில் மூன்று மதத்தாரும் கை கோத்துப் போட்டோ எடுப்பதை விட.

இடம்: தெருவிலிருந்து தெரியக் கூடாது, இரண்டு வாசல் இருந்தால் நல்லது, போவதற்கு ஒரு சாக்கும் வேண்டும். அன்னதானக் கூடத்துப் பின்கட்டு இதற்கு ஏற்றது. காய் நறுக்கப் போனேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமும் அப்படித்தான். இந்த மாநிலத்தில் மகளிர் குழுத் திட்டம் 1989இல் முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரியில்தான். அந்தக் குழு இன்றும் வாரம் ஒருமுறை கூடுகிற ஊராக இருந்தால் புதிதாக ஒரு கூட்டம் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

வந்தவரிடம் தனியாகப் பேசுங்கள். மாமியார், நாத்தனார், பெரிய மகன் யாரும் கூட இருக்கக் கூடாது. "ஏன் அடிச்சார்?" என்பது முதல் கேள்வியானால் அவர் தன் மேல் குற்றம் தேடத் தொடங்கிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: இப்ப வீட்டுக்குப் போனா உயிருக்குப் பயமா இருக்கா? கழுத்தைப் பிடிச்சிருக்காரா? கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய் எடுத்திருக்காரா? முன்னைவிட இப்ப அடிக்கடி நடக்குதா? கர்ப்பமா? பிள்ளைங்க மேல கை வைக்கிறாரா? "செத்துப் போயிடுவேன், உன்னையும் கொன்னுடுவேன்" என்று சொல்றாரா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னொன்று, பெண் பிரிந்து போகப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிற நேரமும், பிரிந்து போனபின் வரும் சில வாரங்களும்தான் ஆபத்து கூடும் காலம். அதனால் முடிவைப் புருஷனிடம் "முறைப்படி தெரிவிக்க" நீங்கள் போய்விடாதீர்கள்.

யாரை அழைப்பது: 181, மகளிர் உதவி எண், 24 மணி நேரமும், கட்டணமில்லை. உயிர் ஆபத்து என்றால் 112. மாவட்டத்துக்கு ஒரு ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில், பிள்ளைகளோடு 5 நாள் வரை தங்கலாம். 181இல் கேட்டால் எங்கே, எப்படிப் போவது என்று சொல்வார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர், மாவட்ட சமூக நலத் துறையில் இருப்பார். அவருடைய பெயரையும் நேரடி எண்ணையும் ஆறு பேரும் எழுதி வைத்துக்கொண்டு, கேஸ் எதுவும் இல்லாத ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முகம் தெரிந்திருந்தால் அவசரத்தில் வேலை வேகமாக நடக்கும்.

உங்கள் மேல் கேஸ் வருமா என்ற பயத்துக்கு: 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 4. வன்முறை நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது. ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதம் வாங்கிய பிறகு சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் அதிகாரி வாசலில் வந்து நின்றால் அன்று ராத்திரி அடி வாங்குவது அவர்தான்.

பெண் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் கணக்கே வேறு. கல்யாணம் ஆகியிருந்தாலும் அது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), தெரிந்தவர்கள் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்து மலை ஊர்களில் இது அடிக்கடி வருகிற சிக்கல். குழந்தைத் திருமணத்தை நடத்தி வைக்கிறவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பூசாரி, பாஸ்டர், ஹஜ்ரத் யாருக்கும் விலக்கு கிடையாது. வயதுச் சான்று பார்க்காமல் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டோம் என்று மூன்று இடத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது பத்திர விஷயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் வாங்கும் கையெழுத்தை அவன் மீறினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. குற்றவியல் நடுவர் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் அது தனிக் குற்றம்: குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 31, ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், அவ்வளவு பெரியது. அந்த ஆணையோடு வீட்டில் தங்கும் உரிமை (வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம்), செலவுத் தொகை, பிள்ளைகள் பொறுப்பு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. எண் 15100, அல்லது தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு.

ஏற்கனவே எழுதி வாங்கிய பழைய பத்திரங்கள் பெட்டியில் இருந்தால் கிழிக்க வேண்டாம். அடித்ததை அவனே ஒப்புக்கொண்ட கையெழுத்து அது. ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்.

---

நடுநிலையாளன்:

எல்லாம் சரி. பொய்ப் புகார் கொடுத்துக் குடும்பத்தையே உள்ளே தள்ளுகிற பெண்களும் இருக்கிறார்களே? கோயிலும் சர்ச்சும் ஒரு பக்கம் சாயலாமா? போலீஸுக்குப் போனால் அடுத்த நாள் புருஷன் ஜெயிலில். அப்புறம் அந்தக் குடும்பம் எங்கே சேரும்?

---

சட்ட உதவித் தன்னார்வலர், தருமபுரி:

சார், யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது விழாக்குழுவின் வேலை இல்லை. கதவைத் திறப்பதும் வழி காட்டுவதும்தான் வேலை. மெய் பொய் பார்க்க நடுவர் இருக்கிறார்.

அடுத்த நாளே ஜெயில் என்பதும் பழைய பேச்சு. நான் மேலே சொன்ன சட்டம் அடிப்படையில் உரிமையியல் தன்மை கொண்டது. மனு போட்டதும் யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். கொடுமைப் பிரிவில் (முன்பு 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 85) எஃப்.ஐ.ஆர். போட்டாலும் இயந்திரம் மாதிரி கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. இதை நான் ஆண்களுக்காக எழுதவில்லை. "அவரை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரல, அடிக்காம இருந்தா போதும்" என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்கள் நிறைய. அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

---

அரூர் சிஸ்டர்:

ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன்.

அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது கூடப் போகிறவர் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "கீழே விழுந்துட்டாங்க" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் டாக்டர் அதைத்தான் எழுதுவார். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் "அன்றைக்கு விழுந்ததாகச் சொன்னீர்களே" என்று எதிர் வக்கீல் அதைத்தான் நீட்டுவார். யார், எதனால், எத்தனை மணிக்கு, எங்கே என்று நான்கும் சொல்ல வேண்டும். "கணவர், விறகுக் கட்டையால், நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, வீட்டில்". பதிவேட்டில் தெரிந்த நபர் ஒருவர் தாக்கியதாக ஏறும், போலீஸுக்குத் தகவல் போகும். அந்தப் பதிவேட்டு எண்ணை (ஏ.ஆர். நம்பர்) குறித்துக்கொண்டு வாருங்கள், காப்பி பிறகு வாங்கலாம். போலீஸ் புகார் இல்லை, குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை இல்லை என்று சொல்லி வைத்தியத்தை மறுக்க முடியாது.

மேலே சட்ட உதவி அண்ணன், கழுத்தைப் பிடித்தாரா என்று கேட்கச் சொன்னாரே, அதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். கழுத்து நெரித்ததில் பாதிப் பேருக்கு வெளியே தடயமே தெரியாது. குரல் கரகரப்பு, எச்சில் விழுங்க வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, நெரித்தபோது சிறுநீர் போய்விட்டது, ஒரு நிமிஷம் என்ன நடந்ததென்றே ஞாபகமில்லை என்றால் அது அவசரம். இரண்டு நாள் கழித்துக்கூட மூச்சுக்குழாய் வீங்கலாம், மூளைக்கு ரத்தம் தடைபடலாம். ஒருமுறை கழுத்தைப் பிடித்தவன் பிறகு கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு.

போட்டோ: முதலில் முகத்தோடு ஒன்று, பிறகு காயத்தை மட்டும் கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து அளவு தெரிய ஒன்று. கன்றிப் போன இடம் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும், நம் நிறத்துக்கு இன்னும் தாமதம். அதனால் மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் போனில் வைக்காதீர்கள்.

எலி பேஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட வீடுகளில் கை முதலில் போவது அதற்கும் அரளி விதைக்கும்தான். பேஸ்ட்டைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்து, மறுநாள் எழுந்து நடமாடினால் "ஒண்ணும் ஆகல" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகுதான் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், அப்போது கை மீறியிருக்கும். விரல் நுனியளவு என்றாலும் உடனே 108. சாகணும் போல இருக்கு என்று யாராவது சொன்னால் 104 அல்லது 14416, இரண்டுமே இலவசம்.

பேய் ஓட்டுகிற விஷயத்தையும் பெரியவர்களிடம் பேசுங்கள், மணி. ராத்திரி தூங்காமல் திடுக்கிட்டு எழுவது, வெறித்துப் பார்ப்பது, ஆண் குரல் கேட்டால் நடுங்குவது, பேசாமலே இருப்பது, இதெல்லாம் பல மாதம் அடி வாங்கிய உடம்பு காட்டும் அறிகுறிகள். வேப்பிலை அடிக்கவும் உபவாச ஜெபத்துக்கும் மந்திரித்த தாயத்துக்கும் அழைத்து வரும் பெண்களில் சிலர் இவர்கள்தான். அழைத்து வருவது யார் என்று பாருங்கள். பல நேரம் அடித்தவரேதான் "இவளுக்குப் பிடிச்சிருக்கு சாமி" என்று கூட்டி வருவார்.

---

சபை ஊழியர், கிருஷ்ணகிரி:

சகோதரரே, சர்ச் தரப்பில் எங்கே சறுக்கும் என்று எழுதுகிறேன்.

முதலாவது ஜெபக் குறிப்பு. ஒரு சகோதரி ரகசியமாகச் சொன்னதை, நல்ல எண்ணத்தில்தான், ஞாயிறு ஆராதனையில் "சமாதானம் இல்லாத ஒரு குடும்பத்துக்காக, மேற்குத் தெருவில்" என்று சொல்லிவிடுவோம். தெருப் பெயர் போதும், மத்தியானத்துக்குள் புருஷன் காதுக்குப் போய்விடும். வாட்ஸ்அப் ஜெபக் குழு இன்னும் மோசம். பெயரும் இடமும் இல்லாத ஜெபம் மட்டுமே.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கத்தோலிக்கக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது, அந்தப் பெண்ணிடமே வெளியில் அதைப் பற்றி எடுக்க முடியாது. அதனால் அங்கேயே, அப்போதே, "இதை வெளியே வந்து இன்ன அம்மாவிடம் மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் கதவு அதோடு மூடிவிடும்.

பிரசங்கம்: எபேசியர் 5இல் மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற 22ஆம் வசனத்தோடு நிறுத்துகிறோம். அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைச் சொல்கிறது, 28 மனைவியைத் தன் சொந்த சரீரமாகப் பார்க்கச் சொல்கிறது. அதேபோல் மல்கியா 2:16. தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று பிரிய நினைக்கும் பெண்ணிடம் காட்டுவோம். அதே வசனத்தின் பின்பாதி கொடுமையைக் கண்டிப்பதை வாசிக்க மாட்டோம். முழுசாக வாசித்தாலே போதும், புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

செயல்களைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். "அன்பாக இருங்கள்" என்றால் அடிக்கிறவனும் ஆமென் சொல்வான். அறைவது, தலைமுடியைப் பிடித்து இழுப்பது, நூறு நாள் வேலைக் கூலியைப் பிடுங்குவது, மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிற ஏ.டி.எம். கார்டைத் தன் பையில் வைத்துக்கொள்வது, போனைப் பறிப்பது, பிறந்த வீட்டுக்கு விடாதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு "இது எனக்கும் நடக்குதே" என்று உறைக்கும். சட்டத்திலும் அடி மட்டுமில்லை, பணத்தை முடக்குவதும் வன்முறைதான். பிரசங்கத்தில் ஐந்து நிமிஷம் போதும். அந்த மாதத்தில் யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்தக் கதையின் சாயல்கூட வரக் கூடாது, பிரசங்கத்தையே இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கும் (சர்ச்சில் திருமண அறிவிப்பு செய்யும்) மூன்று வாரம் நல்ல வாய்ப்பு. திருமணத் தயாரிப்பு வகுப்பில் பையனையும் பெண்ணையும் தனித்தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள்.

மன்னிப்பு என்ற சொல்லைப் பாதிக்கப்பட்டவரிடம் நாம் முதலில் எடுக்கக் கூடாது. அவர் எடுத்தாலும், மன்னிப்பது வேறு, அதே கூரைக்குக் கீழே திரும்பப் போவது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

---

ஜமாத் உறுப்பினர், ஓசூர் பக்கம்:

ஸலாம். எங்கள் பக்கம் இருக்கும் நடைமுறைச் சிக்கல் வேறு. ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்) பயான், அதாவது பிரசங்கம், செய்தால் கேட்பது ஆண்கள் மட்டுமே, எங்கள் பகுதியில் பெண்கள் பள்ளிக்கு வருவது குறைவு. அதனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேச வேண்டும். ஜும்ஆவில் ஆண்களிடம் "இதைச் செய்யாதே, பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் சும்மா இருக்காதே". பெண்கள் மதரஸாவிலும் வீட்டு பயானிலும் "போக வழி இருக்கிறது, எண் இது". மாற்றிப் பேசினால் பயனில்லை. உதவி எண்ணை ஆண்கள் கூட்டத்தில் மட்டும் சொன்னால், வீட்டுப் பெண்ணின் போனில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் சிலருக்குப் பயன்படும்.

குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைக் காட்டி அடிக்கலாம் என்பார்கள். அதே அத்தியாயத்தில் 19ஆம் வசனம் மனைவியோடு நல்ல முறையில் வாழக் கட்டளையிடுகிறது. ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) முன்கூட்டியே பேசி, பயானில் இதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். கமிட்டிக்காரர் சொன்னால் எடுபடாது. 35ஆம் வசனத்தில் இரண்டு தரப்பிலும் ஒரு நடுவர் வைக்கச் சொல்வது பிணக்குக்கு. ஒருவன் அடிக்க ஒருத்தி வாங்குவதற்குப் பிணக்கு என்று பெயரில்லை.

ஜமாத்தில் குலா (மனைவி கேட்கும் மணவிலக்கு) கேட்டு வரும் பெண்ணை "மூணு அமர்வு பார்ப்போம்" என்று இழுத்தடிப்பது வழக்கம். அந்த மூன்று அமர்வுக்கு இடையில் அவர் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் தாய் வீட்டிலோ சேவை மையத்திலோ இருக்கட்டும் என்று ஜமாத் தப்தரில் (பதிவேட்டில்) முதல் வரியாக எழுதுங்கள். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னால் 2019 சட்டப்படி அது செல்லாது, 3 ஆண்டு வரை சிறை. அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்துப் பெண்ணுக்கும் ஒன்றுதான், ஜமாத் கடிதம் கேட்கத் தேவையில்லை.

மொழியையும் பாருங்கள். பாலக்கோட்டில் தமிழ் போதும் என்று நினைப்பீர்கள், வீட்டில் உருது பேசும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது இல்லாமல் நோட்டீஸ் அடித்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

---

மாரண்டஅள்ளி மணி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லைங்க, நன்றி. பந்தலை ஒத்திப் போடச் சொல்லிவிட்டேன். மூன்று கேள்வி. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும், அதைப் பயன்படுத்தலாமா? அடிக்கிறவன் கோயில் தர்மகர்த்தா வீட்டு ஆள் என்றால் ஊரை விட்டு ஒதுக்கி வைக்கலாமா? குடிதான் எல்லாத்துக்கும் காரணம், கோயிலில் கயிறு கட்டிவிட்டால் போதும் என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார்.

---

கூத்துப் பித்தன், பென்னாகரம்:

பாரதக் கூத்தா? அதைவிட நல்ல மேடை உங்களுக்குக் கிடைக்காது. பகலில் பாரதப் பிரசங்கத்துக்குப் பெண்கள் உட்காருவார்கள், ராத்திரிக் கூத்துக்கு ஊரே உட்காரும். துகிலுரியும் ராத்திரி பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இருக்கிறதே, தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று. பெரியவர்கள் எல்லாம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தர் வாயும் திறக்காது. அந்தத் தலை குனிந்த சபை நாம்தான் என்று பிரசங்கியார் மறுநாள் பகலில் பத்து நிமிஷம் விரித்துச் சொன்னால் போதும். ராத்திரி நாடகத்தை நிறுத்திவிட்டு மைக் பிடித்துப் பேசாதீர்கள், ஜனம் எரிச்சலாகும், அம்மன் காரியத்தில் குறுக்கிட்டதாகப் பேச்சு வரும்.

உதவி எண்ணைச் சொல்ல, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன்தான் சரியான ஆள். ஊர் நடப்பைச் சொல்லி சிரிக்க வைப்பது அவன் வேலை, 181ஐ அவன் வாயில் வைத்தால் குழந்தை கூட மனப்பாடம் பண்ணும். ஆனால் கூத்து வாத்தியாரிடம் முன்கூட்டியே ஒன்று பேசிவிடுங்கள். பெண்டாட்டியை உதைக்கிற ஜோக் கட்டியங்காரனிடம் பழைய சரக்கு, எல்லா ஊரிலும் கைத்தட்டல் வாங்கும். அது இருக்கிற ராத்திரியில் உதவி எண் சொன்னால் இரண்டும் சேர்ந்து கேலியாகிவிடும்.

திருவிழாக் கூட்டத்தில் பெண்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிற்கிற இடங்களையும் பாருங்கள். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் மட்டுமே வடம் பிடிக்கிற தேர் உண்டு. அந்த மாதிரிக் கூட்டத்தில் பெண் கை மாறிப் பெண் கைக்கு ஒரு சின்ன அட்டை போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

---

சட்ட உதவித் தன்னார்வலர், தருமபுரி:

ஊர் ஒதுக்கம் வேண்டவே வேண்டாம், அண்ணா. சட்டப்படியும் தப்பு, அடி திரும்பி வருவதும் அந்தப் பெண் மேல்தான். பொறுப்பில் இருப்பவர் என்றால் அந்தப் பொறுப்பை எடுங்கள்: சாவி, கணக்கு நோட்டு, பரிவட்டம், முதல் மரியாதை. அதையும் அந்தப் பெண் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு, அவர் சம்மதத்தோடு மட்டும். காரணத்தை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். அவர் பெரிய நன்கொடையாளர் என்றால் உங்கள் கமிட்டி இங்கேதான் உடையும், அதை இப்போதே பேசி மினிட் நோட்டில் எழுதிவிடுங்கள்.

கைச்செலவுக்கு ஒரு 5,000 ரூபாய் தனியாக வையுங்கள். ராத்திரி ஆட்டோ, பிள்ளைக்குப் பால், மாத்திரை, ஜெராக்ஸ். பகலில் டவுன் பஸ் பெண்களுக்குக் கட்டணமில்லை, ராத்திரிதான் சிக்கல். கணக்கில் பெயர் எழுதாமல் எண் போட்டு எழுதுங்கள். ஒரு பையும் யாராவது ஒரு அக்கா வீட்டில் இருக்கலாம்: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று இவற்றின் நகல், இரண்டு செட் துணி. வங்கிக் கணக்கில் புருஷனின் போன் நம்பர் இருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அவனுக்கு மெசேஜ் போகும்.

போலீஸுக்குப் போனால் பாலக்கோடு மகளிர் காவல் நிலையம் உங்களுக்குக் கிட்டம். மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா வராதீர்கள், சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான சான்று) வாங்குங்கள். அங்கேயும் "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிடலாம்" என்று ஒரு குரல் வரும். பெண் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக் கூட ஒருத்தர் இருக்க வேண்டும். உங்கள் ஆறு பேரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பேச்சின் சுருதி மாறும்.

---

அரூர் சிஸ்டர்:

கயிறு விஷயம் நான் சொல்கிறேன். குடி நின்றால் அடி நின்றுவிடும் என்பது பாதிக்கூட உண்மையில்லை. குடிக்காத நாளிலும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு மேஸ்திரியை அடிக்காதவன் பெண்டாட்டியை மட்டும் அடிக்கிறான் என்றால் கை எங்கே ஓங்க வேண்டும் என்று போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. குடிக்கு ஒரு வழி, வன்முறைக்கு ஒரு வழி, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கயிறு கட்டுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பல வருஷம் தினமும் குடித்தவர் சாமிக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, பிதற்றல், சந்தேகம், ஆக்ரோஷம் எல்லாம் வரலாம். அந்த ராத்திரிகளில் வீட்டில் அவரோடு இருப்பது அந்தப் பெண்ணும் பிள்ளைகளும். வலிப்பு வந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. கயிறு கட்ட வருகிறவரிடம் பூசாரி ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறதா? ஆமாம் என்றால் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, மருந்தோடு நிறுத்திய பிறகு கயிறு. சாமி கோவித்துக்கொள்ளாது.

---

மாரண்டஅள்ளி மணி:

சரிங்க. பேனருக்குப் பதிலாக என்ன ஒட்டலாம் என்று கடைசியாக ஒன்று சொல்லிவிடுங்கள், ஃபிளக்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார்.

---

சட்ட உதவித் தன்னார்வலர், தருமபுரி:

ஃபிளக்ஸ் வேண்டாம். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் 50. கோயில் மண்டபம், சர்ச், கல்யாண மண்டபம் மூன்றிலும் பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. பள்ளிவாசல் பக்கம் பெண்கள் மதரஸா. தலைப்பு, படம், கமிட்டிப் பெயர், உபயம் எதுவும் வேண்டாம். தமிழிலும் உருதுவிலும் இவ்வளவு மட்டும்:

"வீட்டில் அடி, மிரட்டல், பணப் பறிப்பு இருந்தால் 181. ராத்திரியும் எடுப்பார்கள். காசில்லை. பேசிய பிறகு போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்."

மாதம் ஒருமுறை கிழிந்திருக்கிறதா என்று ஒருத்தர் போய்ப் பார்க்க வேண்டும். ஓரம் மட்டும் சுரண்டியிருந்தால் பிள்ளைகள் வேலை. முழுசாகக் கிழித்திருந்தால் மறுபடி அதே இடத்தில் ஒட்டுங்கள்.